புள்ளி வைக்காத டப்பா

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் நடுத்தட்டு அக்காவுடையது. மேல்தட்டு என்னுடையது: பால், தயிர், ஊறுகாய் பாட்டில், எல்லாம் உயர வரிசைப்படி. கீழ்த்தட்டு குடவாசல்காரியுடையது, அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்கே தெரியாது. நடுத்தட்டில் நான்கு எவர்சில்வர் டப்பாக்கள் இருக்கும். ஒன்றின் மூடியில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி. அடுத்ததில் இரண்டு. அதற்கடுத்ததில் மூன்று. நான்காவதில் புள்ளியே கிடையாது.

தஞ்சாவூரில் ஒரு மாடிப் போர்ஷனை நாங்கள் மூன்று பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்தோம். நான் ஆற்று மதகுகளுக்கும் வாய்க்கால்களுக்கும் வரைபடம் போடும் சின்ன அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்த புதிது. குடவாசல்காரி ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். அக்கா பைக் ஷோரூமில் பில் போடுபவர், எங்கள் இருவருக்கும் மூத்தவர், பூம்புகார் பக்கத்துக் கடற்கரைக்காரர். எங்களை அவர் ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஊர்ப் பெயர்தான். "ஏ குடவாசல், துணி நனையுது பாரு." "ஒரத்தநாடு, கேஸ் புக் பண்ணியாச்சா?" கேட்பவர்களுக்குப் பஸ் ஸ்டாண்டில் நிற்பது போல இருக்கும். பதிலுக்கு நாங்கள் வைத்த பெயர் டப்பா அக்கா.

அக்காவுக்குக் காவலர் வேலைக்குப் போக வேண்டும். ஒரு முறை எழுத்துத் தேர்வில் தேறி, ஓட்டத்தில் தோற்றிருந்தார். எங்களோடு இருந்தபோது மறுபடி எழுதி மறுபடி தேறியிருந்தார். இந்த முறையும் ஓட்டத்தில் விட்டால் அடுத்த தேர்வுக்குள் வயது தாண்டிவிடும். ஆகவே காலையில் புது ஆற்றங்கரையில் ஓட்டம், மாலையில் மைதானத்தில் பயிற்சி, நடுவில் முழு நாள் வேலை. இந்த மூன்றையும் தாங்கிப் பிடிக்கத்தான் டப்பாக்கள்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் மூன்று நாளுக்குச் சமைப்பார். புதன்கிழமை மாலை அடுத்த மூன்று நாளுக்கு. ஒரு டப்பாவில் ஒரு கரண்டிச் சோறு, மீதி இடமெல்லாம் பயறோ கொள்ளோ கீரையோ, மேலே இரண்டு அவித்த முட்டை அல்லது வறுத்த நெத்திலிக் கருவாடு. முளைகட்டும் பயறு ஈரத் துணியில் ஜன்னல் கம்பியில் தொங்கும். கீழ் வீட்டில் இருந்த ஓனர் சார் முதல் முறை அதைப் பார்த்துவிட்டு மாடிக்கே ஏறி வந்துவிட்டார். "மூணு பேரும் கல்யாணம் ஆகாத பொண்ணுங்கன்னுதானே வீடு குடுத்தேன். யாரும்மா தூளி கட்டியிருக்கறது?"

அக்கா ஒரு பிடி முளைப்பயறை அவர் கையில் வைத்தார். "பிள்ளை எப்படி இருக்கு சார்?"

எதையும் முன்கூட்டியே முடித்து வைத்துவிடுவதுதான் அக்காவின் குணம். பஸ் தெருமுனையில் திரும்பும்போதே டிக்கெட்டுக்குச் சில்லறை கையில் இருக்கும். மறுநாள் போடும் உடுப்பு முதல் நாளே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். பல் துலக்கும் பிரஷ்ஷில் இரவே பேஸ்ட்டைப் பிதுக்கி வைத்துவிட்டுப் படுப்பார்.

"காஞ்சு போயிடாதாக்கா?" என்று கேட்டேன்.

"நனைச்சா சரியாயிடும். காலையில எழுந்து அந்த ட்யூப்பத் தேடிக்கிட்டு நிக்கணுமா?"

சாப்பாட்டைப் பற்றி அவருக்கு ஒரு வாக்கியம் உண்டு. "பசி வந்தப்புறம் அடுப்பு பத்த வைக்கிறவ பாதி தோத்தவ." இதை எங்கள் இருவரில் குடவாசல்காரியைப் பார்த்துத்தான் அதிகம் சொல்வார். அவள் பசி வந்தால் அடுப்பைக்கூடப் பற்ற வைக்க மாட்டாள். போனை எடுத்து பரோட்டா ஆர்டர் செய்வாள். அவளுடைய அப்பா சம்பா சாகுபடி செய்பவர். அறுவடை முடிந்ததும் மூட்டை மூட்டையாக அரிசி வரும். அக்கா ஒரு கரண்டிச் சோற்றை அளந்து டப்பாவில் வைக்கும்போது இவளுக்குப் பொறுக்காது.

"எங்கப்பா மட்டும் இதப் பார்த்தாருன்னா அடுத்த போகம் வெதைக்கவே மாட்டாருக்கா. ஒரு கரண்டிக்கா அந்த மனுஷன் சேத்துல நிக்கிறாரு?"

"நீதான் மிச்சத்த எல்லாம் தின்னு அவரு மானத்தக் காப்பாத்துறியே."

நான் என் பங்குக்கு ஒரு அட்டவணை போட்டுக் கொடுத்தேன். எந்தப் பயறில் எவ்வளவு புரதம், ஓட்டத்துக்கு முன்னால் எது, பின்னால் எது என்று கட்டம் கட்டமாக. அக்கா அதை உண்மையாகவே ரசித்தார். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி, போகும்போதும் வரும்போதும் படிப்பார். ஒரே ஒரு குறைதான் சொன்னார். "முட்டைக்கும் கோழிக்கும் கட்டம் போட்டுட்ட. மீனுக்கு ஒரே கட்டம்தானா? நெத்திலியும் வஞ்சிரமும் ஒண்ணாடி? உன்னயும் குடவாசலயும் ஒரே கட்டத்துல போட்டா ஒத்துக்குவியா?" மீனுக்கு மட்டும் தனித்தாள் போட்டேன்.

ஆனால் தஞ்சாவூரில் அவர் மீன் வாங்க மாட்டார். மார்க்கெட்டில் மீன்காரரிடம் நின்று செவுளைத் தூக்கிப் பார்ப்பார், முகர்வார், "இது கடல விட்டு வந்து ரொம்ப வருஷம் ஆச்சு போல" என்பார், நகர்ந்துவிடுவார். கருவாடு மட்டும் ஊரிலிருந்து வரும். அதை வறுக்கும் நாளில் தெரு முழுவதற்கும் தகவல் போய்விடும்.

புள்ளி வைக்காத டப்பாவுக்கு வருகிறேன்.

முதல் வாரம் நான் அதை எண்ணிக்கைப் பிழை என்று நினைத்தேன். மூன்று நாளுக்கு எதற்கு நான்கு டப்பா? கணக்கு டீச்சரும் கேட்டாள். அக்கா சிரித்துவிட்டுச் சொன்னார். அவருடைய அப்பாவும் அண்ணனும் ஃபைபர் போட்டில் மீன்பிடிக்கப் போகிறவர்கள். போட்டில் எத்தனை பேர் போனாலும் அத்தனை பேருக்கும் மேலாக ஒரு ஆள் சோறு கட்டிக் கொடுப்பது அவர்கள் வீட்டு வழக்கம்.

"எதிர்ல வர்ற போட்டுக்கு" என்றார்.

"எந்தப் போட்டு?"

"எந்தப் போட்டோ. எஞ்சின் நின்னு போயி எவனாவது மிதந்துகிட்டுக் கிடப்பான். அவன் கொண்டுபோன சோறு என்னைக்கோ தீந்திருக்கும். அவனுக்கு."

"யாரும் எதிர்ல வரலன்னா? நீங்களே சாப்பிட்டுடுவீங்களா?"

"சேச்சே. அது நம்ம பங்கு இல்ல. வீட்டுக்கும் திரும்பி வரக் கூடாது. திரும்பி வந்ததும் கரையில யாரு நிக்கிறாங்களோ அவங்க கையில குடுத்துட்டுத்தான் போட்டுலேருந்து வலையவே இறக்குவாங்க."

எங்கள் மாடியில் எதிரே வரும் படகு பெரும்பாலும் ஓனர் சார்தான். புதன் காலையிலும் சனிக்கிழமையிலும் அந்த டப்பா யாருக்காவது போயாக வேண்டும். மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் ஒரு முறை படிக்கட்டில் உட்கார்ந்து தட்டைப்பயறு சாப்பிட்டுவிட்டுப் போனார். யாரும் வராத நாளில் சாருக்கு. அவர் அல்வாவுக்கு ஏங்குபவர், டாக்டர் தடுத்திருந்தார். மாடிப்படியில் டப்பாச் சத்தம் கேட்டாலே நாற்காலியில் சாய்ந்து தூங்குவது போல நடிப்பார். அக்கா மூடியைத் திறந்து மூக்குக்குக் கீழே பிடிப்பார். சார் ஒரு கண்ணை மட்டும் திறப்பார்.

"இன்னைக்கும் கொள்ளாம்மா?"

"குதிரை திங்குது சார். அதுக்கு சுகர் இருக்கா பாருங்க."

நாலைந்து மாதத்தில் சாரே புதன்கிழமை காலையில் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தார். கேட்டால், செடிக்குத் தண்ணீர் ஊற்ற வந்தேன் என்பார். கையில் தண்ணீர்க் குடம் இருக்காது, ஸ்பூன் இருக்கும்.

இன்னொரு வழக்கமும் அக்காவின் ஊர் வீட்டில் இருந்தது. அதைக் கண்டுபிடிக்கக் காரணம் குடவாசல்காரியின் சாம்பார். அக்காவுக்குச் சளி பிடித்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, டப்பா வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். பருப்பு அடிப்பிடித்துவிட்டது. நான் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டை நகர்த்தினேன். அக்கா மூன்று நாளும் அதையே சாப்பிட்டார். முகத்தில் ஒரு சுளிப்பு கிடையாது.

"எப்படிக்கா இருக்கு?" என்று இவள் வம்புக்கே கேட்டாள்.

"சாம்பார்."

"அது எனக்குத் தெரியும். ருசி?"

"சாப்பிட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்."

"சும்மா திட்டுங்கக்கா. எனக்கே வாயில வைக்க முடியல."

அக்கா கடைசி வாயையும் முடித்துவிட்டுக் கை கழுவினார். பிறகுதான் சொன்னார். "போட்டுக்குக் கட்டிக் குடுத்த சோத்த, போட்டு கரைக்கு வந்து சேர்ற வரைக்கும் குறை சொல்லக் கூடாது. கல்லு கிடந்தாலும் முழுங்கணும். எங்கப்பா கரையில கால வச்சதும் செய்யற முதல் வேலையே எங்கம்மாவத் திட்டுறதுதான். 'ஏன்டி, அது குழம்பா, கடல்தண்ணியா?' ஊருக்கே கேக்கும். எங்கம்மாவுக்கு அதக் கேட்டாத்தான் மூச்சே வரும்."

"திட்டலன்னா?"

"ஒரே ஒரு தடவ திட்டல. பேசாம நடந்து வந்து உக்காந்துட்டாரு. வலை மொத்தமும் போயிருந்துச்சு."

குடவாசல்காரிதான் கேட்டாள். "அப்ப நீங்க எப்பக்கா கரைக்கு வருவீங்க?"

"ஓடி முடிச்சதும்" என்றார் அக்கா.

ஐப்பசி மழையில் ஒரு முறை மின்சாரம் போனது. அன்று மாலை வரும் என்றார்கள், மறுநாள் வரும் என்றார்கள். எங்கோ மரம் விழுந்து கம்பி அறுந்திருந்தது. ஃப்ரிட்ஜைத் திறந்தபோது நடுத்தட்டு புளித்த வாடை அடித்தது. உடல்தகுதித் தேர்வுக்கு அழைப்பு வந்திருந்த சமயம். டப்பாக்களை ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்த அக்கா, மூன்று புள்ளி டப்பாவை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் எதுவும் செய்யாமல் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"போன தடவ நான் ஓட முடியாம தோக்கல, ஒரத்தநாடு" என்றார். "வரிசையில நின்னே தோத்துட்டேன். விடியக் காலையில ஒரு டீயும் பன்னும். சீக்கிரம் கூப்பிட்டுருவாங்கன்னு நெனச்சேன். ஆளுங்க ஜாஸ்தி. வெயிலு ஏறிடுச்சு. கடைசி வளைவுல கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. எங்க வீட்டுல பொறந்துட்டு, சோறு கட்டாமப் போனேன் பாரு."

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. அரிசி டப்பாவைத் திறந்து எவ்வளவு இருக்கிறது என்று சொன்னேன். புளி இருக்கிறது, வேர்க்கடலை இருக்கிறது, கருவாடு இருக்கிறது, கேஸ் புது சிலிண்டர் என்று வரிசையாகச் சொன்னேன். அக்கா தலையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"கடல்ல ஏதுடி ஃப்ரிட்ஜ்?"

எழுந்து புளிக்காய்ச்சல் கிண்டினார். கடலையை வறுத்துக் கொட்டினார். கரண்ட் வரும் வரை நாங்கள் மூவரும் போட்டுச் சோறுதான் தின்றோம். முட்டையை மட்டும் அன்றன்றைக்கு அவித்தார். ஓனர் சாருக்குப் புள்ளி வைக்காத டப்பா தவறாமல் போனது. "இது நல்லாயிருக்கே, கரண்ட் வரவே வேணாம்மா" என்றார் அவர்.

தேர்வு பக்கத்து ஊர் மைதானம் ஒன்றில். நாங்கள் இருவரும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனோம். எடுத்துப் போக வேண்டியவற்றை நான் தாளில் எழுதி வைத்திருந்தேன்: அழைப்புக் கடிதம், ஆதார், ஷூ, துண்டு, குளுக்கோஸ், தண்ணீர். "அதுல என் பேரு இருக்கா?" என்று எட்டிப் பார்த்தாள் குடவாசல்காரி. வழக்கத்துக்கு மாறாக அவள் தோளில் பெரிய பை ஒன்று தொங்கியது. கேட்டதற்குக் குடை என்றாள்.

ஒரு புள்ளி டப்பாவை அக்கா பஸ்ஸிலேயே முடித்தார். இரண்டு புள்ளி, ஓட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் சாப்பிட. அதனோடு வழக்கம் போலப் புள்ளி வைக்காதது ஒன்று. தேர்வுக்கு வந்தவர்களை மட்டும்தான் உள்ளே விட்டார்கள். நாங்கள் கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். கேட்டுக் கம்பி வழியே வேப்பமரத்தடியில் வரிசை தெரிந்தது. ஓடும் பாதை அங்கிருந்து தெரியாது.

குறித்த நேரம் நெருங்கியதும் அக்கா இரண்டு புள்ளியைத் திறந்து சாப்பிட்டு முடித்தார். எல்லாம் என் அட்டவணைப்படி. அவருக்குப் பக்கத்தில் ஒல்லியாக ஒரு பெண் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு தண்ணீர் பாட்டிலைத் தவிர எதுவும் இல்லை. அக்கா அவளிடம் ஏதோ கேட்டார். அவள் இல்லையென்று தலையாட்டினாள். அக்கா புள்ளி வைக்காத டப்பாவை எடுத்து அவள் மடியில் வைத்தார்.

"குடுத்துட்டாங்கடி!" குடவாசல்காரி பெஞ்சை விட்டு எழுந்துவிட்டாள். "அந்தப் பொண்ணு இவங்களோடதானே ஓடப் போறா? போட்டிக்காரிக்கு யாராவது முட்டை ஊட்டுவாங்களா?"

"அது அவங்க பங்கு இல்ல" என்றேன்.

அந்தப் பெண் சாப்பிட்டு முடித்த பிறகுதான் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். முதல் நாள் மழையில் பாதை ஊறிக் கிடக்கிறது, மணல் கொட்டிச் சரிசெய்த பிறகு, மதியத்துக்கு மேல்தான் ஓட்டம். மழை விட்ட வெயில் சுளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. வரிசையில் நின்றபடியே அக்கா எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவரிடம் சாப்பிட இனி எதுவும் இல்லை. வெளியே வரவும் விட மாட்டார்கள். போன தடவை நடந்தது அப்படியே மறுபடி வந்து நின்றது. என் தாளில் குளுக்கோஸுக்குக் கீழே எதையும் நான் எழுதியிருக்கவில்லை.

குடவாசல்காரி பையில் கைவிட்டாள். குடைக்குக் கீழிருந்து பழைய ஐஸ்கிரீம் டப்பா ஒன்று வந்தது. உள்ளே கொள்ளுச் சுண்டல்.

"நீ சமைச்சியா? எப்ப?"

"நேத்து ஸ்கூல் விட்டு வந்து, நீங்க ரெண்டு பேரும் மைதானத்துக்குப் போயிருந்தப்ப." முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எதிர்ல வர்ற போட்டுக்கு. என்னடி பார்க்கிற?"

கேட்டில் நின்ற பெண் காவலர் கையை நீட்டி மறித்தார். "உள்ள எதுவும் குடுக்கக் கூடாதும்மா."

"சுண்டல் மேடம். அக்கா காலையில சாப்பிட்டதோட சரி. ஓட்டம் தள்ளிப் போயிடுச்சு."

"மருந்து கிருந்து எதாவது கலந்திருக்கா?"

"சத்தியமா இல்ல மேடம். நான் கணக்கு டீச்சர்."

கணக்கு டீச்சர் என்பது எந்த வகையில் சாட்சி என்று தெரியவில்லை. காவலர் மூடியைத் திறந்து நாலு கொள்ளை வாயில் போட்டார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார். கடைசியில் விழுங்கினார்.

"மருந்து இல்ல" என்றார். "மருந்துன்னா இதவிட ருசியா இருக்கும்."

டப்பாவை அவரே எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனார். அக்கா அதை வாங்கிக்கொண்டு கேட் பக்கம் பார்த்தார். ஐஸ்கிரீம் டப்பாவை அவருக்கு அடையாளம் தெரிந்திருக்கும். எங்கள் கீழ்த்தட்டில் மாதக்கணக்கில் கிடந்தது. உட்கார்ந்தார். அந்தப் பழைய சாம்பார் முகத்தோடு, ஒரு சுளிப்பும் இல்லாமல், நிதானமாக மென்று டப்பாவைக் காலி செய்தார்.

மதியத்துக்கு மேல் வரிசை நகர்ந்தது. அக்கா கண்ணிலிருந்து மறைந்தார். விசில் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. எந்த விசில் அவருடையது என்று எங்களுக்குத் தெரியாது. குடவாசல்காரி டீயைக் கையில் வைத்தபடியே ஆற விட்டாள். சாப்பாட்டு விஷயத்தில் அவள் எதையும் ஆற விட்டு நான் பார்த்ததில்லை.

ஓடி முடித்தவர்கள் கேட்டு வழியாக வரத் தொடங்கினார்கள். சிலர் அழுதுகொண்டு வந்தார்கள். சிலர் போன் கிடைத்ததும் கத்தினார்கள். அக்கா கூட்டத்துக்குப் பின்னால், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தார். முழங்கால் வரை சேறு. எங்களைப் பார்த்தார். பேசாமல் நடந்து வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்.

எனக்கு அவருடைய அப்பாவின் வலை ஞாபகம் வந்துவிட்டது. குடவாசல்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அக்கா ஒரு டம்ளர் தண்ணீரை முழுக்கக் குடித்தார். வாயைத் துடைத்தார். பையைத் திறந்து காலி ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்து குடவாசல்காரியின் மடியில் போட்டார்.

"ஏன்டி, அதுல உப்புன்னு ஒண்ணு போட்டியா?"

இவள் விழித்தாள்.

"கொள்ளு வேகவே இல்ல. பல்லுக்கும் கொள்ளுக்கும் சண்டை. அங்க ஓடினதவிட உன் சுண்டல மென்னதுலதான் எனக்கு மூச்சு வாங்குச்சு. அந்த ஒல்லிக்குச்சிப் பொண்ணு எனக்கு முன்னாடி போயிட்டா தெரியுமா? போகாம? அவ தின்னது நான் ஆக்கினது. நான் தின்னது நீ ஆக்கினது!"

குடவாசல்காரி போட்ட கூச்சலில் டீக்கடைக்காரர் பாலைக் கீழே கொட்டினார். கேட்டில் நின்ற காவலர் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். நான் அழுதேனா என்று நினைவில்லை. என் கண்ணாடியைத் துடைக்க அக்கா துண்டைக் கொடுத்தது நினைவிருக்கிறது.

பஸ்ஸில் மூவருக்கும் சேர்ந்தாற்போல் இடம் கிடைத்தது. கண்டக்டர் சீட்டுக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்ததும் அக்கா எங்கள் இருவர் பக்கமும் திரும்பி உட்கார்ந்தார்.

"இப்பச் சொல்றேன், கேளுங்க. அந்த அடிப்புடிச்ச சாம்பாரு…"

தஞ்சாவூர் வரும் வரை நிறுத்தவில்லை.